கத்தரிப் பாத்திக்குக் கட்டிய வலை

எங்கள் வீட்டுக் கத்தரிக்காய்க்குக் குப்பத்தில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாத்தக் கத்தரிக்கா. காய் நாறவில்லை, செடிக்கு நான் ஊற்றிய கரைசல்தான் நாறியது. மீன் குடலையும் செவுளையும் வெல்லத்தோடு பிசைந்து, பெயின்ட் டப்பாவில் போட்டு மூடி, ஒரு மாதம் ஊறவிட்டால் செடிக்கு அருமையான உரம் என்று போனில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். வெல்லம் குறைவாகப் போட்டதில் முதல் டப்பா அழுகிவிட்டது. அதைத் திறந்த அன்று என் பொண்டாட்டி சொன்னாள்: "கடலுக்குப் போன வரைக்கும் ஒன் உடம்பு மட்டும்தான்யா நாறுச்சு. கரையேறினப்புறம் வூடே நாறுது." மீன் பிடிக்கிற ஊரில் மீன் நாற்றம் என்று பேச்சு வாங்கிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

கரையேறினேன் என்றால் ஆசைப்பட்டு ஏறவில்லை. லைட்ஹவுஸ் குப்பத்தில் பிறந்து, பதினைந்து வயதில் நைனாவோடு படகில் ஏறியவன். வலை இழுத்து இழுத்து வலது தோள் தேய்ந்துவிட்டது. கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை. இனி வலை இழுக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளையைப் பார்த்துக் குப்பத்தில் ஒருவரும் சும்மா போக மாட்டார்கள். "இன்னா மச்சான், லீவா?" என்று ஒருத்தன் கேட்பான். "உட்டுடா, ஆபீசர் ஆயிட்டாரு" என்று அடுத்தவன் சொல்வான். அந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் முதலில் மண்ணில் கை வைத்தேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஊரடங்கு போட்ட நாட்களில் காய்கறி வண்டி குப்பத்துக்குள் வருவது நின்றுபோனது. மீன் இருந்தது, குழம்பில் போட ஒரு கத்தரிக்காய் இல்லை. "கடல் பக்கத்துல கீது, கத்தரிக்கா பரலோகத்துல கீது" என்று என் பொண்டாட்டி சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னாள். அந்த வார்த்தை என்னைக் குத்தியது.

எங்கள் வாசலில் இருப்பது மண் இல்லை, கடல் மணல். முழங்கை ஆழம் தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறும். ஆரம்பாக்கத்தில் இருக்கிற என் மச்சினன் லோடு ஆட்டோவில் பத்துப் பன்னிரண்டு மூட்டை செம்மண் கொண்டுவந்து போட்டான். ஓட்டையான ஐஸ் பெட்டிகளில் தக்காளியும் மிளகாயும் வைத்தேன். எங்கள் பழைய ஃபைபர் படகு நடுவில் உடைந்து கிடந்தது. அதன் முன்பாதியை இழுத்துப்போட்டு, அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பிக் கத்தரி நட்டேன். அதுதான் கத்தரிப் பாத்தி. அரிசி கழுவின தண்ணீர், குழாயில் பிடித்த நல்ல தண்ணீர், எல்லாவற்றையும் அதற்கே ஊற்றினேன். இரண்டு மாதத்தில் பூ விட்டது.

பூ விட்டதும் விருந்தாளிகள் வந்தார்கள். இலைக்கு அடியில் அசுவினி, குருத்தில் வெள்ளைப் பூச்சி, காய்க்குள் புழு. ராத்திரி எலி, பகலில் அணில், மைனா, கோழி. மருந்து அடி என்று எல்லாரும் சொன்னார்கள். நான் அடிக்கவில்லை. அதற்கு முந்தைய வருடம் எங்கள் தெருவில் ஒருவர் எலிக்குக் கருவாட்டில் விஷம் வைத்தார். எலி செத்தது. எலியைத் தின்ற பூனை செத்தது. கண் திறக்காத அதன் குட்டிகள் இரண்டு நாள் கத்தி அடங்கின. அந்தச் சத்தம் கேட்ட பிறகு என் வீட்டு வாசலில் விஷம் வைப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஒரு உயிரையும் கொல்லாமல் ஒரு செடியை வளர்த்துக் காட்டுகிறேன் என்று நான்கு பேர் நடுவில் சொல்லியும் வைத்தேன். எனக்கு வாய் நீளம். அதை நானே ஒப்புக்கொள்கிறேன்.

வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி இலைக்கு அடியில் தெளித்தேன். புழு விழுந்த காயைக் கையால் பறித்துக் கோழிக்குப் போட்டேன். புழு பூச்சியை நான் உயிர்க் கணக்கில் சேர்க்கவில்லை. கோழிக்குத் தீனி கிடைத்ததும் அது செடியைக் கிளறுவதை விட்டது. எலி ஏறாதபடி மிளகாய்த் தொட்டிகளைக் கயிற்றில் தொங்கவிட்டேன். மஞ்சள் கேனை வெட்டி, எஞ்சின் கிரீஸ் தடவி, பூச்சி ஒட்டட்டும் என்று மாட்டினேன். ஒரு நாள் அதில் பல்லி ஒட்டிக்கொண்டு துடித்தது. தேங்காயெண்ணெய் தடவித் தடவி அதை எடுத்துவிட்டு, அன்றே கேனைக் கழற்றி எறிந்தேன். "பல்லிக்கு வைத்தியம் பாக்கறான் பாரு. பொண்டாட்டிக்குத் தலவலினா மாத்திர வாங்கியார ஆளில்ல" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. எனக்கு அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருந்தது.

இந்தப் பெருமையை உடைக்க வந்தது ஒரு ஆடு.

எங்கள் வீட்டை ஒட்டிய வீடு என் அக்காவுடையது. என்னைவிட எட்டு வயது மூத்தவள். மாமா போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. ஒரே மகன், கடலுக்குப் போகிறான். எனக்கு அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னைத் தூக்கி வளர்த்ததில் பாதி அவள்தான். ஏதாவது குழம்பு வைத்தால் சுவருக்கு மேலே கிண்ணம் வரும். "இந்தாடா, உப்பு கம்மியாக் கீது, நீயே போட்டுக்கோ" என்பாள். அந்தக் கிண்ணத்தில் நான் கத்தரிக்காய் போட்டுத் திருப்பித் தருவேன். நாத்தக் கத்தரிக்கா என்று சொல்லாத ஒரே வீடு அது.

ஒரு மழைக்காலத்தில் அக்கா மகன் போன படகு திரும்பவில்லை. எஞ்சின் நின்றுபோய், காற்று அவர்களை வடக்கே ஆந்திரா பக்கம் தள்ளிவிட்டது. மூன்று நாள் செய்தி இல்லை. மூன்று நாளும் அக்கா தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை. கோயிலில் போய் விழுந்து, பிள்ளை வந்தால் கிடா வெட்டுகிறேன் என்று நேர்ந்துகொண்டாள். நான்காம் நாள் வேறொரு படகு அவர்களை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தது. பிள்ளை இறங்கினான். அந்த வாரமே அக்கா ஒரு ஆட்டுக்குட்டி வாங்கி, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டி, அம்மனுக்கென்று விட்டுவிட்டாள். வருகிற ஆடியில் வெட்ட வேண்டும்.

நேர்ந்துவிட்ட ஆட்டை எங்கள் ஊரில் யாரும் அடிக்க மாட்டார்கள். கல் எடுக்க மாட்டார்கள். 'ச்சூ' என்று அதட்டவே யோசிப்பார்கள். அது அம்மனுடைய ஆடு. யார் வீட்டு வாசலிலும் படுக்கும், யார் பானையிலும் வாய் வைக்கும். ஆடியில் அறுக்கப் போகிற கழுத்தை அதுவரைக்கும் ஊரே தடவிக்கொடுக்கும். நானும் கஞ்சித் தண்ணீர் வைத்தவன்தான். ஆனால் அந்த ஆட்டுக்குக் கத்தரி இலை பிடித்துப்போனது. கத்தரி இலையை ஆடு தின்னாது என்று ஆரம்பாக்கத்து மச்சினன் சத்தியம் செய்தான். இந்த ஆட்டுக்கு அது தெரியவில்லை. முதலில் பூ, பிறகு பிஞ்சு, கடைசியில் குருத்து. ஒரே காலையில் ஆறு செடியை மொட்டையடித்தது.

சாணியைக் கரைத்து இலைமேல் தெளித்தால் ஆடு வாய் வைக்காது என்றார்கள். தெளித்தேன். ஒரு நாள் முகர்ந்து பார்த்துத் தும்மிவிட்டுப் போனது. அடுத்த நாள் வந்து சாணி படாத அடி இலையாகப் பார்த்துத் தின்றது. மீன் கரைசலைத் தெளித்தேன். கருவாட்டுப் பாயைத் தின்று வளர்ந்த ஆட்டுக்கு அது ஒரு நாற்றமா? முள்ளை வெட்டிப் போட்டேன். படகின் விளிம்பில் ஏறி முள்ளைத் தாண்டிக் குதித்தது.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

"அக்கா, பகல்ல கொஞ்ச நேரம் கட்டிப் போடேன். ஒரு இலை மிச்சமில்ல."

"நேர்ந்து வுட்டத எப்படிடா கட்டறது? ஆடி வரைக்கும் பொறுத்துக்க. அம்மனே வந்து தின்னதா நெனச்சுக்க."

"அம்மன் தின்னா காயைத் தின்னுட்டுப் போவட்டும். குருத்த ஏன் கடிக்குது?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் வயிறு எரிந்தது. வேலையில்லாதவனுக்கு ஆறு செடி என்பது ஆறு செடி மட்டுமில்லை. ஊர் கேலி பேசின இடத்தில் நான் நிமிர்ந்து நின்றது அந்த ஆறு செடியை வைத்துத்தான்.

அடுத்த நாள் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது ஒரு பெண், "இன்னாண்ணா, அம்மனுக்குப் படையல் ஆச்சா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "ஆவட்டும், ஆவட்டும். நாளைக்கே ஆட்டுக்கு ஒரு வலை வுடறேன். விரிச்சு வச்சுட்டு நா போய்ப் படுத்துக்கறேன்" என்று சொன்னேன். அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலும் கிடைத்தது. பேச்சுக்குப் பேச்சு என்பதற்கு மேல் அன்று அதில் ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தேன்.

வலை கட்டும் யோசனை அங்கேதான் பிறந்தது. வீட்டில் பழைய நண்டு வலை சுருட்டி வைத்திருந்தேன். தங்கூசி என்கிற நைலான் நரம்பில் பின்னியது, மெல்லிசு, கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. நான்கு விரல் நுழைகிற கண்ணி. பாத்தியைச் சுற்றிச் சவுக்குக் கட்டை நட்டேன். கட்டையிலிருந்து கட்டைக்குக் கயிறு இழுத்தேன். கயிற்றில் வலையைக் கோத்தேன்.

இங்கேதான் கை வேலை செய்தது, தலை வேலை செய்யவில்லை. கடலுக்கு வலை கட்டுகிறவன் வலையை விறைப்பாக இழுத்துக் கட்ட மாட்டான். விறைப்பான வலையில் நண்டு முட்டித் திரும்பிவிடும். இரண்டு பாகம் நீள வலையை ஒரு பாகம் கயிற்றில் சுருக்கித்தான் கட்டுவோம். பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த அளவு. அப்படிச் சுருக்கினால்தான் வலை தளர்ந்து தொங்கும், பை மாதிரி உள்வாங்கும். வந்தது முட்டும், புரளும், புரளப் புரளச் சுற்றிக்கொள்ளும். முப்பது வருடம் அப்படிக் கட்டிய கை. அன்றும் அப்படியே கட்டியது. வேலி என்றால் விறைப்பாக இருக்க வேண்டும், முட்டியதும் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஒரு விவசாயி வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. குப்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்த்துவிட்டு, "அடடா, தொங்கல் இன்னா அழகா விழுந்துகீது. கை இன்னும் மறக்கலபா" என்று பாராட்டினார்கள். தோள் போனவனுக்கு அந்தப் பாராட்டு இனித்தது.

அக்காவும் பார்த்தாள். அவளும் வலை கட்டுகிறவன் மகள்தான். "இனிமே உன் தொல்ல வுட்டுது" என்றாள்.

நான்கு நாள் ஆடு வந்து பார்த்துவிட்டுப் போனது. ஐந்தாம் நாள் தோளைக் காட்ட நானும் பொண்டாட்டியும் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆனி மாதத்து வெயில். அக்கா கரையில் நெத்திலி காயப்போட்டுக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் பஸ் இறங்கி வீடு வந்தபோது மணி மூன்றிருக்கும்.

அக்கா எங்கள் வாசலில், பாத்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டின் தலை அவள் மடியில் இருந்தது. கையில் மீன் வெட்டும் கத்தி. வலையைத் துண்டு துண்டாக அறுத்திருந்தாள். அறுத்தும் தீரவில்லை. சின்னக் கொம்பிலும், முன்னங்காலிலும், கழுத்திலும் நரம்பு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. மஞ்சள் கயிறு எது, வலை எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. மண்ணில் கால் உதைத்த குழிகள். நிறைய உதைத்திருக்கிறது. கத்தரிச் செடி ஒன்றுகூடச் சாயவில்லை.

என் பொண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாக்கா ஆச்சு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாத கேள்வி.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கையிலிருந்த வலைத் துண்டைப் பார்த்தாள். "நல்லாத்தான் கட்டிக்கீற" என்றாள்.

"அக்கா, அது உள்ள வரக்கூடாதுனுதான் நா…"

"வேலினா உள்ள வுடாது. வலைனா வெளிய வுடாது. நைனாகூடப் படகுல போனவன் நீ. இத உனக்கு நா சொல்லித் தரணுமா?"

ஆட்டின் காலில் இறுகிய நரம்பைப் பிரிக்கக் குனிந்தேன்.

"இதக் குடுக்கறேன்னுதான் எம்புள்ள உசுரக் கேட்டு வாங்கினேன்" என்றாள். "ஆடியில கத்தி வச்சிருந்தா அது அம்மனுக்குப் போயிருக்கும். இப்ப யாருக்குப் போச்சு? கணக்குத் தீரலயேடா. அவன் தெனம் தண்ணிமேல போறானே."

சுவருக்கு மேலே கிண்ணம் வருவது அன்றோடு நின்றது.

விஷயம் ஊர்ப் பெரியவர்களிடம் போனது. அக்கா கொண்டுபோகவில்லை. நேர்ந்துவிட்ட ஆடு செத்தால் அது ஊர் விஷயம். வலை பின்னுகிற கொட்டகையில் உட்கார்ந்தார்கள். நான் நின்றேன். பெண்கள் பக்கம் அக்கா உட்கார்ந்திருந்தாள்.

"தெரிஞ்சு கட்டினியா, தெரியாம கட்டினியா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

தெரியாமல் என்று சொன்னால் முப்பது வருடம் வலை கட்டியவன் சொல்லுகிற பதிலா அது? தெரிந்து என்று சொன்னால் நான் மனுஷனே இல்லை. "கைப்பழக்கம்" என்றேன்.

"குழாயடியில சொன்னியே, ஆட்டுக்கு வலை வுடறேன்னு" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. சிரித்தவர்களில் ஒருத்தி. அன்று அவள் சிரிக்கவில்லை.

"அது சும்மா வாய்க்கு வந்ததும்மா."

"அந்த வாய் இருக்கற உடம்புலதானே இந்தக் கையும் கீது" என்றாள்.

வயதான ஒருவர் எழுந்து எங்கள் வாசலுக்குப் போய், மிச்சமிருந்த வலையை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு வந்தார். "ரெண்டு பாகத்த ஒரு பாகத்துல அடக்கிக்கீறான். நம்மள்ல எவன் கட்டினாலும் இப்படித்தான் கட்டுவான். வேற மாதிரி கட்ட நமக்கு இன்னா தெரியும்?" என்றார். ஆம்பளைகளுக்கு உடனே விளங்கிவிட்டது. முகங்கள் இளகின. "நல்லவேள, தெருவுல போற பெருசுங்க எதுவும் மாட்டல" என்று ஒருத்தன் சொன்னான். அவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு கிடா வாங்கிக் கொடு, ஆடியில் வெட்டட்டும், அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்று முடித்தார்கள். பூசாரியும் தலையாட்டினார். ஐந்து நிமிடத்தில் நான் குற்றமில்லாதவன் ஆகிவிட்டேன். குற்றம் இல்லை என்று சொல்லப்பட்ட மனுஷனுக்கு இருக்க வேண்டிய லேசு எனக்கு வரவில்லை. அவர்கள் என் கையைத்தான் விசாரித்தார்கள்.

அக்கா எழுந்து நின்றாள்.

"எனக்குக் கிடா பெருசில்ல. அவன் கோயில்ல கற்பூரத்து மேல கை வச்சு ஒரு வார்த்த சொல்லட்டும். அந்த ஆடு மாட்டணும்னு ஒரு நிமிசங்கூட நெனைக்கலன்னு சொல்லட்டும். அது போதும். நா அம்மன்கிட்ட மிச்சத்தச் சொல்லிக்கறேன்."

சரியாகத்தான் கேட்டாள். அவளுக்கு வேண்டியது என்னைத் தண்டிப்பது இல்லை. ஆடு செத்தது ஒரு தவறு, விபத்து, யாருடைய கெட்ட எண்ணமும் அதில் இல்லை என்றால் அம்மனிடம் போய் நின்று வேறு கிடாவை ஏற்றுக்கொள் என்று கேட்க அவளுக்கு வாய் இருக்கும். சொந்தத் தம்பி எண்ணித்தான் கட்டினான் என்றால் எந்த முகத்தோடு கேட்பாள்? பிள்ளையின் உயிரை அவள் அந்த ஒரு வார்த்தைமேல் வைத்திருந்தாள்.

கோயிலுக்குப் போனோம். தட்டில் கற்பூரம் ஏற்றினார்கள். நான் கையை நீட்டினேன்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது. வந்தது என்று சொல்வதும் பொய்தான், அது எங்கேயும் போகவில்லை. கடைசிக் கட்டையில் முடிச்சுப் போடும்போது ஆடு எதிரே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயில் என் கத்தரி இலை. 'மாட்டி ஒரு மணி நேரம் கத்து, அப்பத்தான் உனக்குப் புத்தி வரும்' என்று மனதுக்குள் சொன்னேன். முடிச்சை இன்னொரு சுற்றுச் சுற்றினேன். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. மாட்ட வேண்டும் என்று நினைத்தேன். ஒரு நொடி. அந்த ஒரு நொடியில் வலை எப்படித் தொங்குகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது என்றுதானே அர்த்தம்?

பல்லிக்கு எண்ணெய் தடவியவன், ஒரு உயிரையும் கொல்லாமல் வளர்த்துக் காட்டுகிறேன் என்றவன், கற்பூரச் சூட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுடா" என்றாள் அக்கா.

"சாவணும்னு நெனைக்கலக்கா."

"நா அதக் கேக்கல."

"அம்மன் சத்தியமா, சாவணும்னு…"

"நா கேட்டது வேற" என்றாள். கெஞ்சுகிற குரல். எனக்காகத்தான் கெஞ்சினாள் என்று பிறகு பல நாள் யோசித்து விளங்கிக்கொண்டேன். பொய்யாகவாவது சொல் என்று அந்தக் குரல் கேட்டது. சொல்லியிருந்தால் அவளுக்குத் தூக்கம் கிடைத்திருக்கும். எனக்கு அக்கா கிடைத்திருப்பாள். என் வாயில் எத்தனையோ பொய் வந்திருக்கிறது. அன்று பார்த்து வரவில்லை. கற்பூரம் எரிந்து அடங்கியது. பூசாரி இன்னொரு கட்டி எடுக்கப் போனார். "வேணாம் சாமி" என்று அக்கா தட்டை அவரிடமே தள்ளிவிட்டு வெளியே போனாள்.

கிடா வாங்கிக் கொடுத்தேன். மச்சினன்தான் கொண்டுபோய்க் கட்டினான், என் கையால் வேண்டாம் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள். ஆடியில் வெட்டினாள். வெட்டினால் சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் கறி போகும். எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போனது. எங்கள் வாசலைத் தாண்டிப் போனது. "வுடுய்யா, கறி தின்னா உனக்கு ஒத்துக்காது" என்று பொண்டாட்டி எனக்குச் சமாதானம் சொன்னாள். சொல்லிவிட்டு அடுப்படியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மிச்ச வலையைப் பிரித்து விறைப்பாக இழுத்து, அடியில் கல் வைத்து மறுபடி கட்டினேன். முட்டினால் பறை மாதிரி அதிரும். இப்போது ஆடு வந்தாலும் நாய் வந்தாலும் முட்டித் திரும்புகிறது. மைனாகூட உட்கார்ந்து எழுந்து போகிறது. கட்டுகிற விதத்தைக் கேட்டுக்கொள்ள இரண்டு தெரு தள்ளியிருந்து ஆள் வருகிறார்கள். நாத்தக் கத்தரிக்கா என்று இப்போது யாரும் சொல்வதில்லை, பை எடுத்துக்கொண்டு வந்து கேட்கிறார்கள். நான் பறித்துக் கொடுக்கிறேன். பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணம் வராததால் காய் மிஞ்சித்தான் போகிறது.

அக்கா சொன்ன அந்தத் தீராத கணக்கு மட்டும் எனக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. சாமி நம்பிக்கை எனக்குப் பெரிதாகக் கிடையாது. ஆனால் காற்று கொஞ்சம் மாறினாலும் கால் தானாகக் கரைக்குப் போகிறது. அக்கா மகன் போன படகு திரும்புகிறவரைக்கும் நிற்கிறேன். அக்காவும் வருவாள். படகுகளை ஏற்றி வைத்திருக்கிற இடத்துக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. ஒரே தண்ணீரைத்தான் பார்க்கிறோம்.

போன மாதம் காற்று பலமாக இருந்த ஒரு நாள், விடிந்து வரவேண்டிய படகு பத்து மணிக்குத்தான் வந்தது. அலை படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் குதித்து இறங்கி, நனைந்த கையோடு சிரித்துக்கொண்டே என்னிடம் வந்தான்.

"இன்னா மாமா, ஒரு ஆடு செத்ததுக்குத் தெனம் வந்து நிப்பியா? தோள் வலிய வச்சுகினு எதுக்கு வெயில்ல நிக்கற? வூட்டுக்குப் போ." பிறகு அவன் அம்மா பக்கம் திரும்பினான். "யம்மா, நீயாவது மாமாவப் போவச் சொல்லு."

அக்கா கூடையை எடுத்து இடுப்பில் வைத்தாள். மகனைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தாள். என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"நிக்கட்டும்."

அவர்கள் இரண்டு பேரும் மீனைப் பிரிக்கப் போனார்கள். இன்னும் இரண்டு படகு வர வேண்டியிருந்தது. அவற்றில் எனக்குச் சொந்தக்காரர் யாருமில்லை. இருந்தும் நின்றேன்.